யப்பானியர் இல்லத்து உணவு மரபும் அதன் மாற்றமும்

ஒரு மக்கட் கூட்டத்தின் நாகரிகத்தை அறிய விரும்புவோர் அதன் கோயில்களையும் மாளிகைகளையும் நூல்களையும் ஆராய்வது வழக்கம். நாடோறும் ஒவ்வோர் இல்லத்திலும் நிகழ்வதாகிய உணவு உண்ணும் வழக்கத்தைக் கூர்ந்து நோக்குவார் சிலரே. முதலில் உண்பவர் யார், பரிமாறுபவர் யார், யார் எவ்விடத்தில் அமர்தல் வேண்டும், உண்ணும்போது பேசுதல் தகுமா என்னும் சிறு வினாக்களுக்கு ஒரு சமுதாயம் அளிக்கும் விடைகளிலே அதன் குடும்ப அமைப்பு முழுவதும் அடங்கிக் கிடக்கின்றது. இவ்வுண்மையை யப்பானியரின் கடந்த நூற்றாண்டு வரலாறு நன்கு விளக்குகின்றது.

2013ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், யுனெஸ்கோ நிறுவனம் ‘வாஷொக்கு’ எனப்படும் யப்பானிய மரபுணவுப் பண்பாட்டை மனித குலத்தின் அருவ மரபுரிமைகளுள் ஒன்றாகப் பதிவு செய்தது. அவ்வாறு பதிவு செய்யப்பட்டது தனியொரு பண்டமோ சமையல் முறையோ அன்று; புத்தாண்டுக் கொண்டாட்டத்தைச் சிறப்பாகச் சுட்டி, உணவைச் சார்ந்த சமுதாய வழக்கமே பதிவு பெற்றது. ஆயின், அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர், 2011ஆம் ஆண்டின் அரசாங்கக் கணக்கெடுப்பின்படி, யப்பானியக் குடும்பங்கள் அரிசிக்குச் செலவிட்ட பணத்திலும் பாணுக்குச் செலவிட்ட பணம் முதன்முறையாக மிகுந்திருந்தது. உலகம் ஒரு மரபைப் போற்றிய காலத்திலேயே அம்மரபு அதன் பிறப்பிடத்தில் தளர்ந்து கொண்டிருந்தது. அங்ஙனமாயின் காக்கத்தக்க மரபு யாது? உண்ணும் பண்டமா, உண்ணும் முறையா, அன்றி ஒருங்கு கூடியிருந்து உண்ணும் உறவா? இவ்வினாவுக்கு விடை காண்டற்கு, யப்பானிய இல்லங்களில் உணவு வைக்கப்பட்ட பலகைகளின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

முதற்கண் உணவின் இயல்பை நோக்குவோம். யப்பானியரின் மரபுணவு, ‘ஒரு சாறும் மூன்று கறிகளும்’ என்னும் அமைப்பை இலட்சியமாகக் கொண்டது. சோறும் ஊறுகாயும் எண்ணப்படாமலே உடன் அமைவன. சாறு பெரும்பாலும் ‘மிசோ’ எனப்படும் புளிக்க வைத்த சோயா அவரைக் களியைக் கரைத்து ஆக்கப்படுவது. மூன்று கறிகளுள் ஒன்று மீனாகவும் ஏனையவை காய்கறி, சோயாத் தயிர்க்கட்டி முதலியனவாகவும் இருக்கும். இவற்றுக்கெல்லாம் அடிப்படைச் சுவை தருவது ‘தஷி’ என்னும் தெளிந்த வடிநீர். அது ‘கொம்பு’ எனப் பெயர் பெறும் கடற்பாசியையும், அவித்துப் புகையூட்டி மரக்கட்டை போல இறுகும்படி உலர்த்திய மீனையும் கொண்டு வடிக்கப்படுவது. இலங்கையிற் சம்பலுக்கு இடிக்கப்படும் மாலைதீவு மாசியைக் கண்டோர்க்கு இம்மீன் புதியதன்று. இரண்டும் சூரை இன மீனை ஏறத்தாழ ஒரே வகையாகப் பதஞ்செய்து பெறப்படுவன. 1908ஆம் ஆண்டில் இகேதா கிக்குனே என்னும் இரசாயனப் பேராசிரியர், கொம்புப் பாசியிலிருந்து குளுத்தமேற்றைப் பிரித்தெடுத்து, இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு என்பவற்றின் வேறாகிய ஒரு சுவையை உலகுக்கு அறிவித்து, அதற்கு ‘உமாமி’ எனப் பெயரிட்டார்.

இவ்வுணவு முறையில் இறைச்சி குறைந்தமைக்குச் சமயமும் ஒரு காரணமாகும். 675ஆம் ஆண்டில் தென்மு பேரரசர், பௌத்த அறத்தின் செல்வாக்கால், மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி என்பவற்றின் இறைச்சியை ஆண்டின் குறித்த மாதங்களில் உண்ணலாகாது என ஆணை பிறப்பித்தார். பிற்காலத்திலும் இத்தகைய தடைகள் தொடர்ந்தன. 1872ஆம் ஆண்டில் மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி உண்டமை வெளிப்படையாக அறிவிக்கப்பட்ட பின்னரே, பழைய தயக்கம் பொதுமக்களிடையே நீங்கலாயிற்று. சென் பௌத்த ஞானியாகிய தோகென், 1237ஆம் ஆண்டில், மடத்துச் சமையற்காரருக்கென ஓர் அறிவுரை நூல் எழுதினார். அரிசி களைதலும் கீரை ஆய்தலும் தியானத்துக்குக் குறைந்த தொழில்கள் அல்ல என்பது அந்நூலின் கருத்து. இன்றும் யப்பானியர் உண்ணத் தொடங்குமுன் கைகூப்பி ‘இதாதகிமாசு’ என்பர். ‘பணிந்து ஏற்றுக்கொள்கின்றேன்’ என்பது அதன் பொருள். உண்டு முடித்தபின் நன்றி கூறும் சொல்லும் வேறு உண்டு. உணவுக் குச்சிகளைச் சோற்றில் நிமிர்த்திக் குத்தி வைத்தல் ஆகாது. இறந்தார்க்குப் படைக்கும் சோற்றிலே அவ்வாறு வைப்பர். ஒருவர் குச்சியிலிருந்து மற்றவர் குச்சிக்கு உணவை மாற்றுதலும் ஆகாது. தகனத்தின் பின்னர் எலும்பெடுக்கும் சடங்கில் அவ்வாறு செய்வர். இங்ஙனம் உணவின் ஒவ்வோர் அசைவும் பொருள் பொதிந்ததாயிற்று.

இனி, உண்ணும் முறையை நோக்குவோம். பழைய யப்பானியக் குடும்பம் ஒரே மேசையைச் சூழ்ந்து அமர்ந்து அளவளாவி உண்டது என்று பலரும் எண்ணுவர். அது தவறு. இருபதாம் நூற்றாண்டு தொடங்கும் வரையும் யப்பானிய இல்லங்களிற் பொது மேசை என ஒன்று வழக்கில் இருக்கவில்லை. ஒவ்வொருவர்க்கும் ஒவ்வொரு சிறு உணவுப் பலகை தனித்தனியே வைக்கப்பட்டது. சாதாரண குடும்பங்களில் வழங்கியது ‘ஹக்கோசென்’ எனப்படும் பெட்டிப் பலகையாகும். அச்சிறு மரப்பெட்டியினுள்ளே ஒருவர்க்குரிய சோற்றுக் கிண்ணம், சாற்றுக் கிண்ணம், சிறு தட்டு, குச்சிகள் என்பன இருக்கும். உண்ணும் வேளையில் மூடியைத் திருப்பி வைத்தால் அதுவே பலகையாகும். உண்டு முடித்தவர், கிண்ணத்தில் வெந்நீரை அல்லது தேநீரை ஊற்றி, ஊறுகாய்த் துண்டொன்றால் உட்புறத்தைத் துடைத்து, அந்நீரைப் பருகி, கிண்ணத்தைப் பெட்டியுள் வைத்து மூடிவிடுவார். நாடோறும் பாத்திரம் கழுவும் வழக்கம் இருக்கவில்லை. நீர் இறைத்துச் சுமக்க வேண்டியிருந்த காலத்துக்கு இம்முறை ஏற்றதாயிற்று.

ஒரே அறையில் ஒருங்கு இருந்தாராயினும், அவ்விருக்கை முறை சமத்துவத்தைக் காட்டியதன்று. நாட்டுப்புற வீடுகளில் நடு அடுப்பைச் சுற்றிய இடங்களுக்குத் தனித்தனிப் பெயரும் உரிமையும் இருந்தன. குடும்பத் தலைவன் அமரும் இடத்தில் வேறொருவர் அமரலாகாது. தலைவனுக்கும் மூத்த மகனுக்கும் முதலிற் பரிமாறப்படும். சில வேளைகளில் அவர்க்கு மட்டும் மேலதிகமாக ஒரு மீன் வைக்கப்படும். மருமகள் எல்லார்க்கும் பரிமாறிக் கடைசியில், தாழ்ந்த இடத்தில் அமர்ந்து உண்பாள். சோற்று அகப்பை மாமியார் கையில் இருக்கும் வரையும் வீட்டு நிருவாகம் அவருக்கே உரியது. அகப்பையை மருமகள் கையிற் கொடுத்தல், இல்லத்தின் ஆட்சியையே ஒப்படைக்கும் செயலாகக் கருதப்பட்டது. உண்ணும்போது பேசுதல் ஒழுக்கக் கேடு எனப் பிள்ளைகள் கண்டிக்கப்பட்டனர். உணவு மௌனத்தில் நிகழ்ந்தது. அம்மௌனத்திற் பணிவும் இருந்தது, அச்சமும் இருந்தது.

இவ்வமைப்பை முதலில் அசைத்தது ‘சபுதாய்’ என்னும் வட்டப் பலகை. கால்களை மடித்துச் சுவரோரம் சாத்தக்கூடிய இத்தாழ்ந்த மேசை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நகரங்களிற் பரவலாயிற்று. பகலில் உண்ணும் அறை, இரவில் உறங்கும் அறையாகும் சிறு வீடுகளுக்கு அது மிகவும் பொருந்தியது. இதனோடு ஒரு புதிய கருத்தும் பரவிற்று. பிற்காலத்திற் சமவுடைமைவாதியாகப் பெயர் பெற்ற சக்காய் தொஷிஹிக்கோ, 1901, 1902ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட குடும்ப வாழ்வு பற்றிய நூல்களில், இல்லத்தார் அனைவரும் ஒரே நேரத்தில், ஒரே மேசையில், ஒரே உணவை உண்ணுதல் வேண்டும் என வற்புறுத்தினார். இன்று மிகப் பழைய மரபெனத் தோன்றும் ஒன்று, அன்று சீர்திருத்தவாதியின் புதுமைக் கோரிக்கையாக இருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

உணவுப் பண்பாட்டு ஆராய்ச்சியாளர் இஷிகே நவோமிச்சியும் அவர்தம் குழுவினரும் முதியோர் பலரை வினவி நிகழ்த்திய ஆய்வு, இம்மாற்றத்தின் காலத்தைத் தெளிவுபடுத்திற்று. தனிப் பலகையினும் வட்டப் பலகை மிகுதியாக வழங்கலானது 1920களின் நடுப்பகுதியிலாகும். கதிரையோடு கூடிய உயர்ந்த மேசை வட்டப் பலகையை விஞ்சியது 1970களின் தொடக்கத்தில் நிகழ்ந்தது. எனவே, வட்டப் பலகையின் ஆட்சி ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளே நிலைத்தது. அவ்வாய்வு மற்றுமோர் உண்மையையும் வெளிப்படுத்திற்று. வட்டப் பலகை வந்தவுடன் மௌனம் கலைந்துவிடவில்லை. பேசாது உண்ணும் பழைய ஒழுக்கம் அதன்மீதும் நெடுங்காலம் தொடர்ந்தது. உரையாடல் தாராளமாக இடம்பெற்றது மேசையும் கதிரையும் வந்த பின்னரேயாம். பலகை மாறுதல் எளிது. பலகையைச் சூழ்ந்த மனங்கள் மாறுதல் அத்துணை எளிதன்று.

இரண்டாம் உலகப் போரும் அதனைத் தொடர்ந்த பஞ்சமும் யப்பானியர் உணவை மேலும் மாற்றின. பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவளித்தல் அந்நாட்டிற் பழைய வழக்கமே. 1889ஆம் ஆண்டில், யமகத்தா மாநிலத்துச் சுருஒக்கா நகரில், ஒரு பௌத்த ஆலயத்தில் அமைந்த பாடசாலை ஏழைப் பிள்ளைகளுக்குச் சோற்றுருண்டையும் உப்பிட்ட மீனும் ஊறுகாயும் வழங்கியது. போருக்குப் பின், 1946ஆம் ஆண்டு டிசெம்பரில், தோக்கியோ முதலிய இடங்களில் வெளிநாட்டு உதவிப் பொருள்களைக் கொண்டு இத்திட்டம் மீண்டும் தொடங்கியது. 1950இல் எட்டுப் பெருநகரங்களில், அமெரிக்கக் கோதுமை மாவினாலான பாணைக் கொண்டு முழுமையான மதிய உணவு வழங்கப்பட்டது. 1954இல் பாடசாலை உணவுச் சட்டம் இயற்றப்பட்டது. பாணும், கொழுப்பகற்றிய பாற்பொடியைக் கரைத்த பாலும் ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் நாவிற் பதிந்தன. சோறு பாடசாலை உணவில் முறையாகச் சேர்க்கப்பட்டது 1976ஆம் ஆண்டிலேதான். 1962ஆம் ஆண்டில் ஆளொருவர்க்கு ஆண்டொன்றுக்கு 118 கிலோகிராமாக உச்சநிலை அடைந்திருந்த அரிசி நுகர்வு, 2020ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 51 கிலோகிராமாகக் குறைந்தது. குழந்தைப் பருவத்துச் சுவை வாழ்நாள் முழுவதும் தொடர்வது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

வீட்டின் அமைப்பும் மாறியது. உண்ணும் இடமும் உறங்கும் இடமும் வேறாக இருத்தல் வேண்டும் எனக் கட்டடக்கலை அறிஞர் நிஷியாமா உசோ 1940களில் வலியுறுத்தினார். 1951இல் வகுக்கப்பட்ட பொது வீடமைப்புத் திட்டமும், 1955இல் நிறுவப்பட்ட வீடமைப்புக் கூட்டுத்தாபனமும், சமையலறையோடு உண்ணும் இடத்தையும் இணைத்து அமைத்தன. மேசையில் உண்டு பழகாத குடும்பங்களுக்காக, தொடக்ககாலக் குடியிருப்புகள் சிலவற்றில் மேசையையும் கூட்டுத்தாபனமே அமைத்துக் கொடுத்தது. அதே 1955இல் தானியங்கி மின்சாரச் சோற்றுப் பானை விற்பனைக்கு வந்தது. விடியுமுன் எழுந்து விறகடுப்பை ஊதிய பெண்ணுக்கு அஃது எத்துணை விடுதலை அளித்திருக்கும் என்பதை அடுப்படியை அறிந்தோர் அறிவர். 1958இல் அந்தோ மொமொபுக்கு உடனடி நூடில்சை வெளியிட்டார். 1971இல் அது கிண்ணத்திலேயே வந்தது. இந்தியாவிற் பிறந்து, ஆங்கிலேயர் வழியாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் யப்பானை அடைந்த கறி, சோற்றோடு சேர்ந்து அந்நாட்டு உணவாகவே மாறிவிட்டது. 1963இல் அப்பிளும் தேனும் சேர்த்து ஆக்கிய காரங் குறைந்த கறிக் கட்டி விற்பனைக்கு வந்தபின், பெரியோரும் சிறியோரும் ஒரே சட்டியிலிருந்து எடுத்துண்ணும் விருப்பக் கறியாக அது விளங்கிற்று. வந்தேறிய உணவாயினும் குடும்பத்தை ஒன்றுகூட்டியமையின், அதனை அயலுணவு எனத் தள்ளுதல் எங்ஙனம் தகும்?

ஆனால், மேசை கிடைத்த காலத்திலேயே அதனைச் சூழ்ந்து அமர்வோர் குறையலாயினர். விரைந்த பொருளாதார வளர்ச்சிக் காலத்தில் தந்தையர் இரவு வெகுநேரம் வரை அலுவலகங்களில் இருந்தனர். பிள்ளைகள் பாடசாலை முடிந்ததும் தனியார் வகுப்புகளுக்குச் சென்றனர். இரவும் பகலும் திறந்திருக்கும் சிறு கடைகள் 1970களிற் பரவி, ஆயத்த உணவைக் கைக்கெட்டச் செய்தன. ஊட்டச்சத்தியல் அறிஞர் அதாச்சி மியுக்கி, பாடசாலைப் பிள்ளைகள் தம் காலை, இரவு உணவு வேளைகளை வரைந்த சித்திரங்களைக் கொண்டு ஓர் ஆய்வு நிகழ்த்தினார். பெற்றோர் வீட்டில் இருந்தும் தனியே உண்ணும் பிள்ளைகள் பலர் என அச்சித்திரங்கள் காட்டின. 1982இல் யப்பானிய ஒலிபரப்புக் கழகம் இதனைத் தொலைக்காட்சியில் வெளியிட்டபோது நாடு திடுக்குற்றது. அடுத்த ஆண்டில் மொரித்தா யொஷிமிற்சு இயக்கிய ‘குடும்ப விளையாட்டு’ என்னும் திரைப்படம், ஒரு நீண்ட ஒடுங்கிய மேசையில் ஒரே வரிசையாக, ஒருவர் முகத்தை மற்றவர் நோக்காது அமர்ந்துண்ணும் குடும்பத்தைக் காட்டியது. அதே காலத்தில் ‘சசாஎ சான்’ என்னும் குடும்பச் சித்திரக்கதை வாரந்தோறும் தொலைக்காட்சியில் வந்துகொண்டிருந்தது. 1946இற் பத்திரிகையிலும் 1969இல் தொலைக்காட்சியிலும் தோன்றிய அக்கதையில், ஏழு பேர் கொண்ட கூட்டுக் குடும்பம் இன்றளவும் வட்டப் பலகையைச் சூழ்ந்து அமர்ந்து உண்கின்றது. தாம் இழந்ததைச் சித்திரத்திற் கண்டு ஆறுதல் பெறுவதும் மனித இயல்பே.

இந்நிலையைக் குறிக்க யப்பானிய மொழியில் ‘கொஷொக்கு’ என்னும் சொல் வழங்கலாயிற்று. ஒலியால் ஒன்றாயினும் எழுத்தால் வேறுபட்ட இரு பொருள்கள் அதற்கு உண்டு. ஓரெழுத்தில் எழுதினால் ‘துணையின்றித் தனியே உண்ணுதல்’ எனப் பொருள்படும். வேறோரெழுத்தில் எழுதினால் ‘ஒருங்கிருந்தும் ஒவ்வொருவரும் வெவ்வேறு உணவை உண்ணுதல்’ எனப் பொருள்படும். உற்று நோக்கின், பழைய பெட்டிப் பலகைக் காலத்திலும் ஒவ்வொருவர்க்கும் தனிப் பலகையே இருந்தது. ஆயினும், அக்காலத்திற் பலகை வேறாக இருந்ததேயன்றி வேளை வேறாக இருக்கவில்லை. பிற்காலத்தில் மேசை ஒன்றாயிற்று, வேளைகள் வேறாயின. 2020ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கின்படி யப்பானிய இல்லங்களுள் நூற்றுக்கு 38 ஒருவர் மட்டும் வாழும் இல்லங்களாம். அங்கே கூடி உண்ணுதற்கு மற்றொருவர் இல்லை.

இதனைக் கண்டு அந்நாட்டார் வாளா இருந்தாரல்லர். 2005ஆம் ஆண்டில் உணவுக் கல்வி பற்றிய அடிப்படைச் சட்டம் இயற்றப்பட்டது. அதே ஆண்டிற் பாடசாலைகளில் ஊட்டச்சத்து ஆசிரியர் என்னும் பதவி ஏற்படுத்தப்பட்டது. குடும்பத்தோடு கூடிக் காலையுணவும் இரவுணவும் உண்ணும் வேளைகள் வாரத்துக்குப் 11ஆக உயர வேண்டும் என அரசாங்கத் திட்டம் இலக்கு வகுத்தது. தொடக்கப் பாடசாலைகளிற் பிள்ளைகளே வெள்ளை மேலாடை அணிந்து, சக மாணவர்க்குப் பரிமாறி, ஆசிரியரோடு வகுப்பறையில் அமர்ந்து உண்டு, துப்புரவு செய்யும் வழக்கம் நிலைபெற்றுள்ளது. வீட்டில் தளர்ந்த ஒழுக்கத்தைப் பாடசாலை ஓரளவு தாங்கி நிற்கின்றது எனலாம்.

சட்டத்தினும் சிறந்த முயற்சி பொதுமக்களிடமிருந்தே தோன்றியது. 2012ஆம் ஆண்டில், தோக்கியோவின் ஓத்தா வட்டாரத்தில், காய்கறிக் கடை நடத்திய ஒருவர், பிள்ளைகள் தனியே வந்தும் அச்சமின்றி உண்ணத்தக்க ஓர் உணவுச்சாலையைத் தொடங்கினார். ‘பிள்ளைகள் உணவுச்சாலை’ என்னும் இப்பெயரில் நாடெங்கும் தோன்றிய இடங்கள் 2024ஆம் ஆண்டளவில் 10,000ஐக் கடந்தன. ஊர் மண்டபங்களிலும் ஆலயங்களிலும் முதியோரும் இளையோரும் ஒருங்கு சமைத்து உண்கின்றனர். அங்கே வருவோர் எல்லாரும் வறியவர் அல்லர். பசியைப் போக்குவதோடு தனிமையைப் போக்குவதும் அவ்விடங்களின் பணியாயிற்று. 2020இல் கொரோனாத் தொற்றுநோய் பரவியபோது, பாடசாலைகளிற் பிள்ளைகள் முன்னோக்கி அமர்ந்து பேசாது உண்ண வேண்டும் எனப் பணிக்கப்பட்டனர். ஒரு நூற்றாண்டுக்கு முன் நல்லொழுக்கம் எனப் போற்றப்பட்ட மௌனம், இப்போது பிள்ளைகளுக்குப் பெரும் இழப்பாகத் தோன்றியது. 2022இன் இறுதியில் அக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்டமையை ஒரு நற்செய்தியாகவே பலரும் வரவேற்றனர்.

ஆண்டுக்கு ஒருமுறையேனும் பழைய மரபு முழுமையாகத் திரும்பும் நாள் புத்தாண்டாகும். அரக்குப் பூசிய அடுக்குப் பெட்டிகளில் ‘ஓசெச்சி’ என்னும் பண்டங்கள் நிறைக்கப்படும். கரிய அவரை உழைப்பையும் உடல்நலத்தையும், மீன் முட்டை மக்கட்பேற்றையும், சிறு நெத்தலி நல்விளைவையும் குறிக்கும். நெத்தலியை முற்காலத்தில் வயலுக்கு எருவாக இட்டமையே அக்குறிப்புக்குக் காரணம். அரிசி மாக்கட்டி இட்ட சாறும் அன்று உண்பர். அக்கட்டி கிழக்கு மாநிலங்களிற் சதுரமாகவும் மேற்கு மாநிலங்களில் வட்டமாகவும் இருத்தலால், எவ்வூரார் என்பதைச் சாற்றைக் கண்டே அறியலாம். இப்பண்டங்களை முன்னரே ஆக்கி வைத்து, பண்டிகையின் முதல் மூன்று நாளும் இல்லத்தரசிக்கு ஓய்வளித்தல் பழைய வழக்கம். இன்று பல குடும்பங்கள் அவற்றைப் பெருங்கடைகளில் விலைக்கு வாங்குகின்றன. ஆயினும், தொலைநகரங்களிலிருந்து மக்கள் பெற்றோர் வீட்டுக்குத் திரும்பி அப்பெட்டியைச் சூழ்ந்து அமர்கின்றனர்.

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது யாது? யப்பானியர் இன்று இழந்துவிட்டதாக ஏங்கும் குடும்ப மேசை, பன்னூற்றாண்டுப் பழமையுடையதன்று. ஒரு நூற்றாண்டுக்கு முன் சீர்திருத்தத்தின் பயனாகப் பிறந்தது. அதற்கு முந்திய மரபில் ஒழுங்கும் நன்றியுணர்வும் இருந்தன. மருமகளின் தாழ்ந்த இருக்கையும் இருந்தது. ஆகவே, பழையன யாவற்றையும் மீட்டல் வேண்டும் என்பாரும், மாறியன யாவும் கேடு என்பாரும் வரலாற்றை முற்ற உணர்ந்தாரல்லர். மின்சாரப் பானையை விலக்கி விறகடுப்பை மீட்டல் மரபைக் காத்தல் ஆகாது. கைகூப்பி ஏற்கும் பணிவும், உடனிருப்போரை நோக்கி உண்ணும் அன்பும் எப்பலகையிலும் அமையக் கூடியன. காய்கறிக் கடையின் ஒரு மூலையில், உறவினர் அல்லாதாரோடு ஒரு பிள்ளை அமர்ந்து கறியும் சோறும் உண்ணும்போது, கறி வெளிநாட்டது, மேசை மேலைநாட்டது, அக்கூட்டமும் குடும்பமன்று. எனினும், யப்பானியர் காக்க விரும்பிய மரபு அவ்விடத்தே உயிரோடு இருக்கின்றது.